கடல் பல்லி கடித்த காகிதம்

"வாத்தைப் பார்த்துச் சுட்டேன் மேடம். குறி தப்பிடுச்சு" என்றார் எங்கள் முன்னால் உட்கார்ந்திருந்தவர்.

அண்ணி காபி டம்ளரைக் கீழே வைத்தாள். "இதை வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"எல்லார்கிட்டயும் சொன்னேன். என் சம்சாரத்துகிட்ட, மியூசியத்துல, பேப்பர்க்காரங்ககிட்ட."

"குறி தப்பினதையுமா?"

"அதையும்தான். நடந்ததைத்தானே சொல்லணும்?"

"சரி. உங்க கேஸை எடுத்துக்கறோம்" என்றாள் அண்ணி.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எதிரில் இருந்தவரின் சொந்தப் பெயரே ஊருக்கு மறந்துவிட்டது. எல்லாருக்கும் அவர் பீரங்கி. டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். லீவு நாளில் லைசென்ஸ் துப்பாக்கியோடு ஓடைப் பக்கம் வாத்து வேட்டைக்குப் போவார். மற்ற நாட்களில், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உயிரைக் கையில் வைத்திருக்கும் அப்பாவிகளின் பக்கத்தில் உட்கார்ந்து அந்த வேட்டைக் கதைகளை அளந்து விடுவார். ஓடுகிற வண்டியிலிருந்து குதிக்க முடியாது என்பதால் கேட்டுத்தான் ஆக வேண்டும். நானும் அவரிடம்தான் கற்றுக்கொண்டேன். எனக்கு இன்னும் ஒழுங்காக ரிவர்ஸ் எடுக்க வராது. ஆனால் ஒரே தோட்டாவில் ஒரு வாத்துக் கூட்டமே விழுந்த கதை தலைகீழாகத் தெரியும்.

அண்ணியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். என் அண்ணனின் மனைவி. இன்ஷூரன்ஸ் கம்பெனியில், எரிந்துபோன கடை உண்மையிலேயே எரிந்ததா, எரிக்கப்பட்டதா என்று பார்த்துச் சொல்லும் வேலையில் இருந்தாள். பொய்களைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய், அந்த வேலையையே சொந்தமாகச் செய்தால் என்ன என்று சைக்கிள் கடை மாடியில் அறை எடுத்து, துப்பறியும் நிலையம் என்று போர்டு மாட்டினாள். எந்த வேலையிலும் நிலைக்காத என்னை உதவிக்கு வைத்துக்கொண்டாள். என் சம்பளத்தை என் கையில் கொடுத்தால் செலவழித்துவிடுவேன் என்று அண்ணனிடம் கொடுக்கிறாள். அண்ணன் செலவழித்துவிடுகிறான்.

"அடுத்து என்ன ஆச்சுன்னு சொல்லுங்க" என்றாள் அண்ணி.

"குறி தப்பின கோபத்துல வாத்து பின்னாடியே ஓடினேன். ஓடைச் சேத்துல கால் மாட்டி குப்புற விழுந்தேன். மூஞ்சிக்கு நேரா ஒரு வாய் மேடம். பெரிய வாய். அது நிறைய பல்லு. முதலைன்னு நினைச்சு, துப்பாக்கியைக்கூட போட்டுட்டு ஓடிட்டேன்."

"ஓடிட்டீங்களா?" என்றேன் நான்.

"பின்னே? கரையில நின்னு பார்த்தா அது அசையவே இல்ல. கிட்டப் போய்த் தொட்டேன். கல்லு. மேல்தாடை ஒண்ணு, கீழ்தாடை ஒண்ணு. ரெண்டையும் கயித்தைக் கட்டி இழுத்து, கார் ஷெட்டுல கொண்டுவந்து போட்டு, மியூசியத்துக்குச் சொல்லிவிட்டேன். அவங்க வர்ற வரைக்கும் ஊரே வந்து பார்த்துட்டுப் போச்சு. ஒரு மேடம் வந்தாங்க. கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னாடி கடல்ல இருந்த பெரிய பல்லின்னாங்க. பேப்பர்ல எல்லாம் போட்டாங்க. அப்புறம் மியூசியத்துல வெச்சு லென்ஸ்ல பார்த்துட்டு, மேல் வரிசையில ஒரு பல்லு போலி, மொத்தமே போலியா இருக்கும்னுட்டாங்க. அதையும் பேப்பர்ல போட்டாங்க. இன்னிக்குச் சாயங்காலம் அவங்க குழு கூடி முடிவு சொல்லுது. போலின்னு முடிவானா அடுத்தது போலீஸாம்."

"போலீஸுக்குத்தான் பயப்படறீங்களா?"

பீரங்கியின் முகம் தொங்கிப்போனது. "போலீஸ் கிடக்கட்டும் மேடம். சம்சாரம் பெட்டியைத் தூக்கிட்டு அவ தம்பி வீட்டுக்குப் போயிட்டா. 'இத்தனை வருஷமா நீங்க விட்ட கதை ஒண்ணையும் நான் நம்பல, ஆனா பொறுத்துக்கிட்டேன். இதை ஒண்ணைத்தான் நம்பினேன். நம்பி, தெரிஞ்சவங்ககிட்ட எல்லாம் என் வீட்டுக்காரரு கண்டுபிடிச்சதுன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். கடைசியில இதுவும் கப்ஸாவா?'ன்னு கேட்டா. வாழ்க்கையிலேயே முதல் தடவையா ஒரு உண்மையைச் சொன்னேன் மேடம். அதுக்கு இந்தக் கதி."

அவர் கண் கலங்கியதைப் பார்த்து எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. அவர் காரை எடுக்கக் கீழே இறங்கியதும் அண்ணியிடம் கேட்டேன்.

"எப்படி அண்ணி இவரை நம்பினீங்க? ஊர் முழுக்கக் காதுல பூ சுத்தற ஆளு."

"குறி தப்பிடுச்சுன்னு பொய் சொன்ன வேட்டைக்காரனை நீ பார்த்திருக்கியா? கல்லைப் பார்த்து ஓடினேன்னு பொய் சொன்னவனை? பொய் சொல்றவன் தன்னை ஒரு சுத்து பெருசாத்தான் காட்டிப்பான். இந்த ஆளு தன்னைக் கோமாளியாக் காட்டிக்கிட்டு நிக்கறார். வா."

பீரங்கியின் கார் டிரைவிங் ஸ்கூல் கார். என்னை ஓட்டச் சொல்லிவிட்டுப் பழக்க தோஷத்தில் பக்கத்து சீட்டில் ஏறினார். அவர் காலடியிலும் ஒரு பிரேக் இருந்தது. ஒவ்வொரு திருப்பத்திலும் நான் ஒரு பிரேக் போட்டேன், அவர் ஒரு பிரேக் போட்டார். பின்சீட்டில் அண்ணி முன்னும் பின்னும் போய் வந்துகொண்டிருந்தாள்.

அருங்காட்சியகத்தின் பின்பக்கத்து அறையில் பசை வாசனை தூக்கலாக இருந்தது. மேஜை நீளத்துக்கு மணல் மூட்டைகளை அடுக்கி, அதன்மேல் இரண்டு தாடைகளையும் படுக்க வைத்திருந்தார்கள். கறுத்துப்போன கல். ஆனால் வரிசையாகப் பின்னோக்கி வளைந்த பற்களைப் பார்த்ததும் என் கை தானாகவே பாக்கெட்டுக்குள் போய்விட்டது. பீரங்கி ஓடியதில் தப்பே இல்லை. மேஜைக்கு அந்தப் பக்கம் நின்ற எலும்பு ஆராய்ச்சி மேடம், வெள்ளைக் கோட்டு முழுக்கத் தூசியோடு, எங்களை ஏற இறங்கப் பார்த்தாள். பீரங்கியை வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள்.

"அந்த ஆளு டிடெக்டிவ் வேற வெச்சிருக்காரா?" என்றாள்.

"பார்த்துட்டுப் போயிடறோம்" என்றாள் அண்ணி. "இது நிஜமா இருந்தா, கடல் பிராணி ஓடையில எப்படி வந்தது?"

"ஓடை இப்ப. அந்தக் காலத்துல அந்த இடமெல்லாம் கடல்."

"எங்க தெருவும் அதுல சேர்த்தியா மேடம்?" என்றேன். "மழை வந்தா அது இன்னும் பழசை மறக்கல."

எலும்பு மேடம் சிரிக்கவில்லை. ஒரு லென்ஸை எடுத்து அண்ணியிடம் கொடுத்து, மேல்தாடையில் ஒரு பல்லைக் காட்டினாள். "இதோட நுனியைப் பாருங்க. மத்ததெல்லாம் கூர்மையா இருக்கு, இது தட்டையா இருக்கு. சின்ன மெஷின் வெச்சுத் தேய்ச்ச கீறல் புதுசா தெரியுது பாருங்க. போதாததுக்கு நீலக் கறை. கல்லாப் போன பல்லுல நீலம் எங்கிருந்து வரும்? யாரோ கல்லைச் செதுக்கிப் பல்லு பண்ணியிருக்காங்க."

"மத்த பல்லெல்லாம்?"

"அதுதான் வயித்தெரிச்சல். கீழ் வரிசையில இதைப் பாருங்க." அவள் குரல் கொஞ்சம் இளகியது. "இவ்வளவு அழகான பல்லை நான் எந்த மியூசியத்துலயும் பார்த்ததில்ல. ஒரு விரிசல் கிடையாது. இதைப் பார்த்துத்தான் முதல் நாளே மயங்கிட்டேன். மேல் வரிசையை லென்ஸ்ல பார்க்க ஆரம்பிச்சேன், போலி கிடைச்சுது, அதோட நிறுத்திட்டேன். ஒண்ணைச் செஞ்சவனுக்கு மத்ததைச் செய்யத் தெரியாதா? குழுகிட்ட அப்படித்தான் சொல்லப்போறேன்."

அண்ணி நீலக் கறையை வெகுநேரம் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, "வாயை மூட முடியுமா?" என்றாள்.

நான் மூடிக்கொண்டேன்.

"உன்னைச் சொல்லல. மேடம், மேல்தாடையைத் தூக்கிக் கீழ்தாடை மேல வெச்சுக் காட்ட முடியுமா?"

நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து மூச்சுப் பிடித்துத் தூக்கி மெதுவாக இறக்கினோம். பற்கள் ஒன்றுக்கொன்று இடம் விட்டு இறங்கின. நீலக் கறை பட்ட பல் மட்டும் நேராக, அந்த அழகான கீழ்ப் பல்லின்மேல் போய் உட்கார்ந்தது. அண்ணி தலையை ஆட்டிக்கொண்டாள். நன்றி சொல்லிவிட்டு வெளியே நடந்தாள்.

"போன மாசம் உனக்குக் கடைவாய்ப் பல்லு அடைச்சாங்களே" என்றாள் நடைவழியில். "அடைச்சு முடிச்சதும் என்ன பண்ணாங்க?"

"பில்லைக் கொடுத்தாங்க."

"அதுக்கு முன்னாடி."

"அதுக்கு முன்னாடி ஒரு சின்னக் காகிதத்தைப் பல்லுக்கு நடுவுல வெச்சு, 'கடிங்க, நல்லாக் கடிங்க'ன்னாங்க. எங்க இடிக்குதுன்னு அதுல தெரியுமாம். கறை பட்ட இடத்தைக் கொஞ்சம் தேய்ச்சு..." நான் நின்றுவிட்டேன்.

"காகிதம் என்ன கலர்?"

"நீலம்."

"யாரோ அந்தப் பல்லியையும் கடிச்சுக் காட்டச் சொல்லியிருக்காங்க" என்றாள் அண்ணி. "ஏமாத்தறதுக்குப் பல்லு வெக்கறவன், வெச்சதும் ஓடிடுவான். கடி சரியா உட்காருதான்னு பார்க்க மாட்டான். அந்தப் பிராணி இனிமே எதை மெல்லப் போகுது? அதைப் பார்த்தே ஆகணும்னு கை துடிக்கிற ஆளு ஒருத்தன்தான் உண்டு."

வாசலில் பீரங்கி காரைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தார்.

"உங்க சொந்தத்துல பல்லு சம்பந்தமா வேலை பார்க்கிறவங்க யாராவது உண்டா?" என்று கேட்டாள் அண்ணி.

"என் மச்சினன் பல்செட் கட்டறான். சம்சாரத்தோட தம்பி. தங்கமான பையன்." அவர் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். தங்கம் தகரமாவதற்கு அதிக நேரம் ஆகவில்லை. "அந்தப் பயலா? என் வீட்டுச் சாப்பாட்டைச் சாப்பிட்டுட்டு எனக்கே குழி வெட்டினானா? ஏறுங்க வண்டியில!"

வழி நெடுக அவர் ஒரு தடவைகூடத் தன் பக்கத்துப் பிரேக்கைத் தொடவில்லை.

மச்சினனின் கடை கீழே, வீடு மேலே. கடைக்குள் எங்கு பார்த்தாலும் வாய்தான். அலமாரித் தட்டுகளில் சாந்தில் வார்த்த தாடைகள், மேஜையில் ரோஸ் நிற மெழுகில் பதித்த பாதிப் பல்செட்டுகள், ஓரத்தில் தேய்க்கும் மெஷின். ஒல்லியான ஓர் ஆள், முகமூடியை ஒரு காதில் தொங்கவிட்டபடி எழுந்து வந்தான். கும்பிட்டான். அவன் பார்வை என் கண்ணுக்கு வரவில்லை, கடையைப் பார்த்துத் திறந்திருந்த என் வாயோடு நின்றுவிட்டது.

"கடைவாயில அடைச்சிருக்கீங்க போல" என்றான். "சுமாராத்தான் அடைச்சிருக்காங்க."

"டேய்!" என்று ஆரம்பித்த பீரங்கியை அண்ணி கையமர்த்தினாள்.

சத்தம் கேட்டு மாடியிலிருந்து மச்சினனின் அக்கா, அதாவது பீரங்கியின் மனைவி, இறங்கி வந்தாள். புருஷனைப் பார்த்ததும் ஒரு விநாடி நின்றாள். மறுபடி மேலே போனாள். திரும்பி வரும்போது கையில் டீத் தட்டு இருந்தது. எங்களுக்குக் கையில் கொடுத்தாள். தம்பிக்கும் கொடுத்தாள். புருஷனுடைய டம்ளரை மட்டும் மேஜைமேல் டக்கென்று வைத்தாள். பாதி டீ வெளியே வந்துவிட்டது. மீதி டீயை அவர் பிரசாதம்போல எடுத்துக்கொண்டார்.

அண்ணி இதையெல்லாம் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுவர் நிறையச் சட்டம் போட்ட போட்டோக்கள். ஆண்கள், பெண்கள், ஒரு கல்யாண ஜோடி, ஒரு போலீஸ்காரர். எல்லாரும் வாய் கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"இவங்க எல்லாருக்கும் நீங்கதான் பல்லு வெச்சீங்களா?"

மச்சினனின் முதுகு நிமிர்ந்தது. "எல்லாம் நம்ம கை வேலைதான் மேடம். நிஜப் பல்லு எது, நான் வெச்சது எதுன்னு பெத்த தாயாலகூட சொல்ல முடியாது."

"எல்லாமே உங்க வேலையா?"

"ஒண்ணு விடாம. வேற யாரு வேலையையும் நான் சுவத்துல மாட்டறதில்ல."

"இவருக்கும் நீங்கதானா?"

அண்ணியின் விரல் காட்டிய இடத்தை நாங்கள் எல்லாரும் பார்த்தோம். போலீஸ்காரருக்குக் கீழே, செய்தித்தாளிலிருந்து வெட்டி அழகாகச் சட்டம் போட்ட படம். அதிலும் ஒரு வாய். மற்ற எல்லாரையும்விட அது கொஞ்சம் அதிகமாகவே சிரித்தது. கடல் பல்லி.

மச்சினனின் கையிலிருந்த டீ அவன் சட்டையிலேயே கொட்டியது. சூடு உறைக்கக்கூட இல்லை அவனுக்கு.

"நான்..." என்றான். "மேடம், சத்தியமா மேல் வரிசையில நான் ஒரு பல்லும் வைக்கல!"

"கீழ் வரிசையில?"

அவன் அக்காவைப் பார்த்தான். அத்தானைப் பார்த்தான். வேறு வழி தெரியாமல் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தான்.

"ஒண்ணே ஒண்ணுதான் மேடம். முன்பக்கத்துல ஒரு பல்லு இல்லாம ஓட்டையா இருந்துச்சு. மியூசியத்துலேர்ந்து பெரிய மனுஷங்க வந்து பார்க்கப் போறாங்க, பேப்பர்ல வரப்போகுது, ஓட்டை வாயோடவா நிக்கணும்? நம்ம குடும்பத்துக்கு அது அசிங்கமில்லையா? அத்தான் கிளாஸ் எடுக்கப் போன நேரத்துல போய் அளவெடுத்தேன். பக்கத்துப் பல்லையே அச்சு வார்த்து, டீத்தண்ணியில ஊற வெச்சுக் கலர் ஏத்தினேன். ஷெட்டுல இருந்த கார் ஜாக்கியால மேல்தாடையைத் தூக்கி இறக்கிப் பார்த்தா மேல்பல்லு லேசா இடிச்சுது. கடிக் காகிதம் வெச்சுப் பார்த்து, மேல் நுனியைத் துளியூண்டு தேய்ச்சேன். எனக்கு அது பழக்கம் மேடம். இடிக்கற பல்லை அப்படியே விட்டுட்டு வந்தா ராத்திரி தூக்கம் வராது."

"இரு, இரு" என்றேன் நான். "அந்தக் கீழ்ப்பல்லுதானே ரொம்ப அழகுன்னு அந்த மேடம் உருகினாங்க?"

"அதேதான்" என்றாள் அண்ணி. "பொய்ப் பல்லைப் பார்த்து நிஜம்னு மயங்கினாங்க. தேய்ஞ்சுபோன நிஜப் பல்லைப் பார்த்துப் பொய்ன்னுட்டாங்க."

மச்சினனின் முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் பரவியது. "அப்ப என் பல்லை அவங்களால கண்டுபிடிக்கவே முடியலையா?"

"அடப்பாவி!" என்று அக்கா கையிலிருந்த தட்டாலேயே அவன் தோளில் ஒன்று வைத்தாள். "பேப்பர்ல பார்த்தியே, வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதானே? நான் உன் வீட்டுலயே உட்கார்ந்து அழுதுக்கிட்டு இருந்தேனே!"

"மேல் வரிசைப் பல்லு போலின்னு போட்டிருந்தாங்க அக்கா. நான் வெச்சது கீழ. அதனால..." அவன் அத்தானை ஓரக்கண்ணால் பார்த்தான். "அத்தானும் தன் பங்குக்கு ஒண்ணு வெச்சிருப்பார்னு நினைச்சேன். காட்டிக் கொடுக்கக் கூடாதுன்னுதான் சும்மா இருந்தேன்."

"நான் எதுக்குடா பல்லு வெக்கப்போறேன்?" என்று அலறினார் பீரங்கி.

"நீங்க எதைத்தான் அத்தான் உள்ளபடி விட்டிருக்கீங்க?"

பீரங்கி காலி டீ டம்ளரை மறுபடி வாயில் கவிழ்த்துப் பார்த்தார். அவர் மனைவி அவரைப் பார்த்த பார்வையில் கோபம் பாதி கரைந்திருந்தது. ஆனால் இன்னும் மீதி இருந்தது. "அந்த மேடம் வாயால உண்மைன்னு சொல்லட்டும். நானும் வர்றேன்" என்றாள்.

அருங்காட்சியகத்துக்குள் நாங்கள் நுழைந்தபோது குழுவில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகப் பக்கத்து ஹாலுக்குள் போய்க்கொண்டிருந்தார்கள். அண்ணி சொன்னதை எலும்பு மேடம் நின்றபடியே கேட்டாள். காது சிவந்தது. பிறகு முகம். பிறகு, "இருக்கவே முடியாது" என்றாள்.

மச்சினன் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் கரண்டியை எடுத்தான். வெந்நீர் கேட்டு வாங்கினான். துணியை நனைத்துக் கீழ்ப்பல்லின் அடியில் ஒத்தி ஒத்தி எடுத்தான். "வலிக்காது, வலிக்காது" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டான். யாருக்குச் சொன்னான் என்று எனக்குத் தெரியவில்லை. கரண்டியை நுழைத்து லேசாக நெம்பினான். உலகத்திலேயே மிக அழகான பல், அடியில் ஒட்டிய மெழுகோடும் காய்ந்த மண்ணோடும் அவன் உள்ளங்கைக்கு வந்துவிட்டது.

எலும்பு மேடம் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். "இதைப் பக்கம் பக்கமா வர்ணிச்சு எழுதியிருக்கேனே" என்றாள்.

"ரொம்ப நன்றிங்க மேடம்" என்றான் மச்சினன், மனதார.

அவன் அக்கா அவன் காலை மிதித்தாள்.

நாங்கள் ஜெயித்துவிட்டோம் என்று நினைத்து நான் பீரங்கியிடம் கையை நீட்டினேன். ஆனால் எலும்பு மேடம் தலையை அசைத்தாள். அவள் வருத்தத்தோடுதான் சொன்னாள், அதனால்தான் எனக்குப் பயமாக இருந்தது.

"நீங்க சொன்னதுல எனக்கு என்ன நிரூபணம் கிடைச்சிருக்கு? காலையில இதுல ஒரு போலி இருக்குன்னு நினைச்சேன். இப்ப நிச்சயமா ஒரு போலி இருக்குன்னு தெரியுது. இவ்வளவு நல்லா ஒரு பல்லைப் பண்றவர் குடும்பத்துலயே இருக்கார். மத்த பல்லெல்லாம் இவர் பண்ணலைன்னு குழுகிட்ட நான் எப்படிச் சொல்வேன்? நானே ஏமாந்தவ."

பீரங்கி சுவரில் சாய்ந்துவிட்டார். அவர் மனைவி தரையைப் பார்த்தாள். ஹாலில் நாற்காலிகள் இழுபடும் சத்தம் கேட்டது.

அண்ணி குனிந்து, பல் இருந்த பள்ளத்தைப் பார்த்தாள். "இந்த மண்ணை ஏன் அப்படியே விட்டீங்க?" என்று மச்சினனைக் கேட்டாள்.

"கல்லு மாதிரி இறுகிப்போயிருந்துச்சு மேடம். சுரண்டினா உள்ளே ஏதாவது உடைஞ்சுடுமோன்னு, மேலாப்புல கொஞ்சம் எடுத்துட்டு மெழுகை வெச்சுட்டேன்."

"அப்ப அடியில இருக்கிற மண்ணை இவரும் பார்க்கல. வேற யாரும் பார்க்கல" என்றாள் அண்ணி, எலும்பு மேடத்திடம். "நீங்க பாருங்களேன்."

எலும்பு மேடம் மனமில்லாமல் ஊசியை எடுத்தாள். விளக்கைக் கீழே இழுத்துக்கொண்டு மண்ணைத் துளித்துளியாக நோண்டினாள். தூரிகையால் தள்ளினாள். மறுபடி நோண்டினாள். சட்டென்று அவள் கை நின்றது. லென்ஸை எடுத்தாள். அவள் தலையை வெகுநேரம் தூக்கவே இல்லை. தூக்கியபோது சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இங்க வாங்க" என்று மச்சினனைத்தான் முதலில் கூப்பிட்டாள். "பாருங்க."

பள்ளத்தின் அடியில், அரிசி மணி அளவுக்குக் கறுப்பாக ஒரு கூர் முனை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"புதுப் பல்லு" என்றாள் எலும்பு மேடம். "இந்தப் பிராணிக்குப் பல்லு விழுந்தா, அதே இடத்துல அடுத்தது முளைச்சு வரும். அது விழுந்தா அதுக்கும் அடியில இன்னொண்ணு. இது முளைச்சுக்கிட்டு இருக்கும்போதே செத்துப்போயிருக்கு. போலி பண்றவன் வெளியில தெரியற பல்லைப் பண்ணுவான். கல்லா இறுகின மண்ணுக்கு அடியில, ஒருத்தர் கண்ணுக்கும் படாத இடத்துல, குட்டிப் பல்லை எவன் ஒளிச்சு வெப்பான்? இது நிஜம். நூத்துக்கு நூறு நிஜம். நான்தான் தப்பு. குழுகிட்ட அதையும் சேர்த்தே சொல்றேன்."

மச்சினன் லென்ஸை விட்டு நகரவில்லை. "தானாவே முளைக்குமா?" என்றான். "சாகிற வரைக்குமா?"

"ஆமா."

"எத்தனை தடவை விழுந்தாலுமா?"

"ஆமாங்க."

அவன் பெருமூச்சு விட்டான். "நல்லவேளை, இதெல்லாம் அழிஞ்சுபோச்சு."

எலும்பு மேடம் அந்தப் பொய்ப் பல்லை அவனிடம் திருப்பித் தரவில்லை. தன் மேஜை டிராயரில் வைத்துப் பூட்டினாள். "எனக்கு வேணும். இனிமே யாராவது எதையாவது கொண்டுவந்தா, முதல்ல இதைப் பார்த்துட்டுத்தான் அதைப் பார்ப்பேன்" என்று சொல்லிவிட்டு ஹாலுக்குள் போனாள். அந்த நிமிடத்தில் அவளை எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. அண்ணியிடம் சொன்னேன். "உன் வாயை அவங்க பக்கத்துல திறக்காதே, பல்லைத்தான் எண்ணுவாங்க" என்றாள்.

கதவு மூடியிருந்தது. முதலில் முணுமுணுப்பு, பிறகு யாரோ ஒருவர் சத்தமாக ஏதோ கேட்பது, பிறகு எலும்பு மேடத்தின் நிதானமான குரல். கடைசியில் கைதட்டல். வெளியே வந்த பேப்பர்க்காரர்கள் நேராக பீரங்கியைச் சூழ்ந்துகொண்டார்கள். "சார், எப்படிக் கண்டுபிடிச்சீங்க? என்ன நினைச்சீங்க? எவ்வளவு பெருசா இருந்துச்சு?" அந்தக் கேள்விக்காகத்தான் அந்த மனிதர் பிறந்தே இருக்கிறார். நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். ஆனால் பீரங்கி தலையை மட்டும் ஆட்டினார். "மேடம் சொல்லுவாங்க" என்று ஹால் பக்கம் கையைக் காட்டினார். அவர்கள் அங்கே ஓடினார்கள்.

நடைவழி பெஞ்சில் போய் உட்கார்ந்தார். கையை மடியில் வைத்துக்கொண்டு எதிர்ச் சுவரையே பார்த்தார். எங்களைத் தாண்டிப் போய் அவர் மனைவி பக்கத்தில் உட்கார்ந்தாள். அண்ணி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். நான் நகர்ந்தேன், ஆனால் காது கேட்காத தூரத்துக்கு நகரவில்லை.

"வீட்டுச் சாவி உங்ககிட்டதானே இருக்கு?" என்றாள் அவள்.

அவர் தலையாட்டினார்.

"பெட்டி தம்பி வீட்டுல இருக்கு. போற வழியில எடுத்துக்கலாம்."

அதற்கும் தலையாட்டினார். கண்ணில் நீர் முட்டி நின்றது. துடைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை அவருக்கு.

"இப்பதான் உண்மைன்னு எல்லாரும் சொல்லிட்டாங்கல்ல? ஏங்க இப்படி உம்முன்னு இருக்கீங்க? ஏதாவது பேசுங்களேன்."

அவர் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. அவள் அவருடைய கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"பொய்யா இருந்தாலும் பரவாயில்ல" என்றாள். "சொல்லுங்க."